ரியூசனா, வீட்டு மேசையா? பின்னேரத்தில் பிள்ளையை எங்கே இருத்துவது

பாடசாலை 1.30க்கு விடும். திருகோணமலையில், பக்கத்து உவர்மலையில் இருக்கிற பிள்ளை இரண்டு மணிக்கு முன்பே சோற்றுக் கோப்பையோடு இருக்கும். நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு வந்து படிக்கிற பிள்ளை பஸ் பிடித்து, பதினைந்து கிலோமீற்றர் போய் இறங்கி, சாப்பிட்டு எழும்ப மூன்றரை ஆகிவிடும். அதற்குப் பிறகு இருட்டும் வரைக்கும் மிஞ்சுகிற இரண்டு மூன்று மணித்தியாலத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் இதற்குப் பதிலைப் பெற்றோர் தேடுவதே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறதோ அதற்கே இதையும் அனுப்பிவிடுகிறார்கள்.

கையில் இருக்கிற வழிகள் ஐந்து: தனியார் நிலையத்தில் குழு வகுப்பு, வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், பக்கத்தில் இருக்கும் உயர்தரம் படித்த அண்ணா அல்லது அக்கா, கைபேசிப் பாடம், வீட்டு மேசையில் தாய் தகப்பன். எது நல்லது என்று கேட்டால் எங்கள் பதில் ஒன்றுதான்: பிள்ளை எங்கே பிழைவிடுகிறது என்று தெரியாமல் எதற்கும் காசு கட்டாதீர்கள்.

முதலில் அரை மணித்தியாலம்

பிழையைக் கண்டுபிடிக்கக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் போதாது. கணிதக் கொப்பியில் பக்கம் பக்கமாகச் சிவப்புச் சரி விழுந்திருக்கும், தவணைப் பரீட்சையில் 38 வந்திருக்கும். காரணம், கரும்பலகையில் ஆசிரியர் செய்ததைப் பார்த்து எழுதியதற்கும் சரிதான் விழும். அழித்த அடையாளமே இல்லாத, வரிக்கு வரி ஒரே சீராக இருக்கிற கொப்பியைக் கண்டால் சந்தோஷப்படாமல் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஒரு வெற்றுத் தாளை எடுங்கள். போன கிழமைப் பாடம் வேண்டாம், அது இன்னும் நாக்கு நுனியில் இருக்கும். ஒரு மாதத்துக்கு முன் படித்த பாடத்திலிருந்து ஐந்து கணக்கை, எண்ணை மாத்திரம் மாற்றிக் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்க வேண்டாம். முடிந்ததும் தாளில் திகதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

நாலாம் தரப் பிள்ளைக்கு 402 − 178 கொடுத்ததாக வைப்போம். சரியான விடை 224. பிழைவிடும் பிள்ளைகள் பொதுவாக இரண்டு விதமாக விடுவார்கள். சிலர் 376 என்று எழுதுவார்கள். இது எப்படி வருகிறது என்று பாருங்கள்: 8 இலிருந்து 2 போனால் 6, 7 இலிருந்து 0 போனால் 7, 4 இலிருந்து 1 போனால் 3. மேலே எது கீழே எது என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது பிள்ளை. இந்தப் பிள்ளைக்கு இடப்பெறுமானமே இன்னும் பிடிபடவில்லை. இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் ஐம்பதையும் இதே மாதிரிப் பிழையாகச் செய்து, பிழையை நன்றாகப் பழகிவிடும். வேறு சிலர் 334 என்று எழுதுவார்கள். இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரியும். வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்கத்தான் மறந்துவிட்டார்கள். கடன் வாங்கியதும் மேலே வெட்டி எழுதும் பழக்கத்தை இரண்டு மூன்று நாள் பக்கத்தில் இருந்து பழக்கினால் சரியாகிவிடும்.

376 எழுதிய பிள்ளைக்கு மருந்து காசு. நூறு ரூபாய்த் தாள் நாலும் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றும் மேசையில் வையுங்கள். "கடைக்காரருக்கு 178 ரூபாய் கொடு, மிச்சம் வாங்காமல் கணக்காகக் கொடு" என்று சொல்லுங்கள். பிள்ளை திகைக்கும். பிறகு ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாய்க் குற்றிகளாக மாற்றித் தரச் சொல்லும். அதில் ஒரு பத்தைப் பத்து ஒரு ரூபாயாக மாற்றச் சொல்லும். ஒரு ரூபாய்க் குற்றி போதாவிட்டால் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் வெட்டி எழுதுவது இந்த மாற்றலைத்தான் என்று அப்போது பிள்ளைக்கே விளங்கும்.

தமிழுக்கும் இதே மாதிரி ஒரு பார்வை போதும். பிள்ளையின் தரத்துத் தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் படிக்காத பக்கத்தில் நூறு சொல்லை எண்ணிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிழை ஐந்துக்குள் என்றால் பயமில்லை. பத்துக்கு மேல் போனால் அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பாரம். வாசிக்கவே கஷ்டப்படுகிற பிள்ளை வரலாற்றிலும் சமயத்திலும் குறைவாக எடுப்பதற்கு அந்தப் பாடங்களில் காரணம் தேடக்கூடாது. பலம், பள்ளம், பழம், அரை, அறை, கரை, கறை என்று பத்துச் சொல்லைச் சொல்வதெழுதலாகக் கொடுத்தால் எழுத்துக் கோளாறும் தெரிந்துவிடும்.

குழு வகுப்பு

அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இரண்டு மணித்தியாலப் பாடம். 120 நிமிடத்தை 60 ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், அதுவும் சேர் பாடமே நடத்தாமல் ஒவ்வொருவராகப் பார்த்தால். 376 எழுதிய பிள்ளையை அங்கே ஒருவரும் காணப்போவதில்லை. சேரைக் குறை சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஆனால் குழு வகுப்பால் ஆகிற வேலைகளும் உண்டு. பாடத்திட்டத்தை முழுதாக ஓடி முடிப்பது, கடந்தகால வினாத்தாள்களை நேரம் பிடித்துச் செய்விப்பது, மூன்று மணித்தியாலம் இருந்து எழுதப் பழக்குவது ஆகியவற்றை வீட்டில் செய்வது கஷ்டம். அடிப்படை இருக்கிற, வேகம் போதாத பிள்ளைக்கு இது பொருத்தம். அடிப்படை இல்லாத பிள்ளைக்கு விளங்காத பாடத்தை இரண்டாந்தரம் கேட்கிற இடம் இது. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். பாடசாலைக்கு முன்னால் ஓடுகிற வகுப்பில் அரைகுறையாகக் கேட்ட பிள்ளை, ஆசிரியர் அதே பாடத்தைத் தொடங்கும்போது "இது எனக்குத் தெரியும்" என்று ஜன்னலைப் பார்க்கும். விளங்கியிருக்கக்கூடிய ஒரு சந்தர்ப்பம் அப்படியே போய்விடும்.

வகுப்பைத் தெரிவுசெய்யும்போது சேரின் பெயரை மட்டும் பார்க்காமல் நாலு விஷயம் விசாரியுங்கள்: எத்தனை பிள்ளைகள், விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாரா, போன கிழமைப் பாடத்தை இந்தக் கிழமை கேட்கிறாரா, வராத நாளுக்கு என்ன வழி. முடிந்தால் ஒரு நாள் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். சேர் பலகையில் கணக்குச் செய்யும்போது பிள்ளைகள் கொப்பியில் தாங்களாகச் செய்கிறார்களா, அல்லது பார்த்து எழுதுகிறார்களா என்பது வாசலிலிருந்தே தெரியும். பார்த்து எழுதுகிற வகுப்பென்றால் திரும்பி வந்துவிடலாம்.

நேரமும் முக்கியம். கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் பின்னேரம் இரண்டரைக்குத் தகரக் கூரைக்குக் கீழே இருந்த பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்டால் வெக்கையைத்தான் சொல்லும். அதே சேருக்கு நாலரை வகுப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஏற்கெனவே ஒரு வகுப்பு இருக்கிறது. அதற்கு மேல் ரியூசனும் என்றால் எழுதிப் பழகுகிற நேரம் எது என்று ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை அறநெறிக்குப் போகிற பிள்ளைக்கும் இதே கணக்குத்தான்.

காசைக் கணக்கிடும்போது மாதக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். பஸ் அல்லது ஓட்டோக் காசு, வழியில் வாங்குகிற பணிஸ், அச்சுத்தாள் காசு எல்லாவற்றையும் கூட்டி, பிள்ளை உண்மையில் பேனை பிடித்து எழுதிய மணித்தியாலத்தால் பிரியுங்கள். போக வர ஆகிற நேரத்தை அதில் சேர்க்க வேண்டாம். இப்படிப் பார்த்தால் மலிவென்று நினைத்த வகுப்பு சில வேளை வீட்டுக்கு வரும் ஆசிரியரைவிட விலை கூடும்.

வீட்டு மேசை

"நாங்கள் எட்டாம் வகுப்பு வரைதான் படிச்சனாங்கள், எங்களுக்கு என்ன தெரியும்?" என்பது வழக்கமாகக் கேட்கிற பேச்சு. வீட்டில் இருப்பவருக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பாடம் தெரிகிறதா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். "எப்பிடிச் செய்தனீ மகன், எனக்குச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். விளங்கிய பிள்ளை வரிசையாகச் சொல்லும். விளங்காத பிள்ளை "சேர் அப்பிடித்தான் சொன்னவர்" என்று நிறுத்திவிடும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மம்மாகூட இந்த இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்வார்.

மூன்றாம், நாலாம், ஐந்தாம் தரப் பிள்ளைக்கு நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். ஐந்து நிமிடம் அன்றைய கொப்பிகளைப் புரட்டுவதற்கு. பதினைந்து நிமிடம் சத்தமாக வாசிப்பதற்கு. பதினைந்து நிமிடத்தில் கணக்கு மூன்றே மூன்று: இன்றைய பாடத்தில் ஒன்று, மூன்று நாளைக்கு முந்தியதில் ஒன்று, போன கிழமையில் ஒன்று. கடைசி ஐந்து நிமிடம் நாளைய புத்தகப் பைக்கு. பழையதைத் திரும்பக் கேட்பதுதான் இதில் உயிர்நாடி. அன்றைக்குச் சரியாகச் செய்ததை ஒரு கிழமை கழித்துப் புத்தகம் பார்க்காமல் செய்தால்தான் அது பிள்ளையின் சொத்து.

வீட்டு மேசை கெடுவது பெரும்பாலும் பெரியவர்களின் அவசரத்தால். கேள்வி கேட்டு மூன்று விநாடிக்குள் விடையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். பிள்ளையும் கெட்டிக்காரத்தனமாக முகத்தைப் பார்த்துக் காத்திருக்கப் பழகிவிடும். கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் விடையைச் சொல்லாமல் முதல் அடியை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது கேடு, அடுப்பில் கறி கொதிக்கும்போது பாடம் கேட்பது. கோபம் வருகிற நேரம் அதுதான். கை ஓய்ந்த நேரத்துக்கு மாற்றுங்கள், இருபது நிமிடமானாலும் பரவாயில்லை. வலது கையால் எழுதுகிற பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்திலேயே விழும்.

எல்லா வீட்டிலும் இரவு ஏழு மணி கிடைக்காது. திருக்கடலூரில் தகப்பன் இரவில் தொழிலுக்குப் போகிற வீட்டில் அவருடைய முறை பகலில்தான் வரும். வலை திருத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பிள்ளையை இருத்தி ஏழாம், எட்டாம் வாய்ப்பாட்டைக் குறுக்கும் மறுக்குமாகக் கேட்கலாம், கண்ணும் கையும் வலையில் இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது. தாய் வெளிநாட்டில் வேலை செய்கிற வீட்டில் வாட்ஸ்அப் அழைப்பில் "படிக்கிறியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மற்ற மூன்றும்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கிற பிள்ளைகள் ஊரில் எப்போதும் இருப்பார்கள். ஆறு முதல் ஒன்பதாம் தரம் வரைக்கும் கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானத்துக்கு எங்கள் முதல் தெரிவு இவர்கள்தான். மூன்று நாலு பிள்ளைகள் சேர்ந்தால் கட்டணம் இலேசாகும், கேள்வி கேட்கப் பயமும் இருக்காது. ஒரு குறைதான்: வேகமாகச் செய்து காட்டிவிடுவார்கள். "தங்கச்சி, பேனை பிள்ளையிட கையில இருக்கட்டும்" என்று முதல் நாளே அன்பாகச் சொல்லிவையுங்கள். பெறுபேறு வந்து அவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அடுத்த ஆள் தேட வேண்டிவரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் ஆசிரியர் விலை கூட. 376 பிள்ளைக்கு ஆறு கிழமை, நீண்டநாள் நோயால் பாடம் தவறவிட்ட பிள்ளைக்கு இரண்டு மாதம் என்று எல்லை வைத்து எடுத்தால் காசுக்குப் பலன் உண்டு. வருடக்கணக்கில் வைத்தால் அவர் இல்லாமல் பிள்ளை கொப்பியே திறக்காது.

கைபேசி மலிவு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, பாடநூல்களையும் இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் யூரியூப்பில்தான் வருகிறது. தமிழில் தேடினால் முன்னுக்கு வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடம். பாடம் நல்லதாகவே இருக்கும், சொற்கள் வேறு. அவர்கள் வேதியியல் என்பதை நாங்கள் இரசாயனவியல் என்கிறோம். இயற்பியல் இங்கே பௌதிகவியல், ஆக்ஸிஜன் ஒட்சிசன், செல் கலம், வட்டத்தின் ஆரம் ஆரை. விளக்கம் விளங்கிய பிள்ளை வினாத்தாளில் "ஆரை" என்று கண்டதும் நின்றுவிடும். அந்தக் காணொளிகளைப் பார்ப்பதென்றால் பாடநூலைப் பக்கத்தில் திறந்துவைத்து, சொல்லுக்குச் சொல் எதிரே எழுதிக்கொண்டு பார்க்க வேண்டும். பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து கணக்கு. அந்த ஐந்து இல்லாவிட்டால் பார்த்தது படம் பார்த்த கணக்குத்தான்.

புலமைப்பரிசிலும் சாதாரண தரமும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. இதற்காக மூன்றாம் தரத்திலேயே வகுப்புத் தொடங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் சரளமாக வாசிப்பதும் கணக்கின் நாலு செய்கையும் உறுதியானால், பிறகு வினாத்தாள் பழக ஐந்தாம் தரத்தில் சில மாதம் போதும். கிழமைக்கு இரண்டு மாதிரி வினாத்தாளுக்கு மேல் வேண்டாம். செய்ய எடுத்த நேரத்தைவிடப் பிழைகளைப் பார்க்கிற நேரம் கூடுதலாக இருக்க வேண்டும்: தெரியாததால் பிழையா, கேள்வியைச் சரியாக வாசிக்காததாலா, நேரம் போதாததாலா என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறிக்கலாம். வாசிக்காமல் விட்ட பிழைதான் அதிகம் என்றால் எந்த ரியூசனாலும் பயனில்லை, கேள்வியை விரல் வைத்து வாசிக்கப் பழக்குங்கள். பரீட்சைக்கு முந்திய நாட்களில் மேலதிக வகுப்பு நடத்தப் பரீட்சைத் திணைக்களம் தடை போடுவது வழக்கம். அந்த நாட்களை வீட்டிலும் அப்படியே விட்டுவிடுங்கள். காலை ஐந்தரைக்கு எழும்புகிற பத்து வயதுப் பிள்ளை இரவு எட்டரைக்குப் படுத்தால்தான் ஒன்பது மணித்தியாலத் தூக்கம் கிடைக்கும்.

சாதாரண தரத்தில் நிலைமை வேறு. பத்து, பதினோராம் தரத்தில் ஒன்றிரண்டு பாடத்துக்கு வகுப்பு நியாயம், ஒன்பது பாடத்துக்கும் வகுப்பென்றால் படிக்க நேரமில்லை. கணிதத்தில் சித்தி இல்லாமல் உயர்தரத்துக்குப் போவது கஷ்டம் என்பதால் அதைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். முதலாம் வினாத்தாளின் அ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளியாக 50. ஆ பகுதியில் ஐந்து வினாக்கள், அதற்கும் 50. இரண்டாம் வினாத்தாளில் பத்து வினாவுக்கு விடையளித்தால் 100. இந்த 200 ஐ இரண்டால் பிரிக்கிறார்கள். ஆகவே அந்த 25 சிறு வினாக்கள் மட்டும் இறுதிப் புள்ளியில் 25. சாதாரண சித்திக்கு வேண்டியது 35. தவணைப் பரீட்சையில் 20 எடுக்கிற பிள்ளையைத் தேற்றப் பெரிய கணக்குகளோடு மல்லுக்கட்டும் வகுப்புக்கு அனுப்புவதைவிட, நாளுக்கு ஒரு அ பகுதியை வீட்டில் நேரம் வைத்துச் செய்வித்து, பிழைத்த வினாக்களை மட்டும் கொண்டுபோய்க் கேட்க ஓர் ஆளைப் பிடிப்பது நல்லது. திறமைச் சித்தியைத் தாண்டி மேலே போக வேண்டிய பிள்ளைக்குத்தான் இரண்டாம் வினாத்தாளை வரிசையாகச் செய்விக்கும் குழு வகுப்பு.

பாடசாலையில் எதைக் கேட்பது

எந்த வழியைத் தெரிவுசெய்தாலும் தவணைக்கு ஒரு தடவை வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் பேசத்தான் வேண்டும். காலை 7.20க்கு வாசலில் மறித்துக் கேட்கிற கேள்விக்கு "பரவாயில்லை, படிக்கிறார்" என்பதைத் தவிர ரீச்சரால் வேறு சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தன்று வரிசை நீளும். ஒரு துண்டு எழுதிக் கொப்பிக்குள் வைத்து அனுப்பி, அவருக்குப் பாடமில்லாத நேரம் எது என்று கேட்டுப் போங்கள். போகும்போது திகதி போட்டுவைத்த அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்காமல், "தனியச் செய்கிறானா, பார்த்து எழுதுகிறானா ரீச்சர்? எந்தப் பாடத்தில் கேள்வி கேட்டால் தலையைக் குனிகிறான்? நாங்கள் வீட்டில் எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது?" என்று கேளுங்கள். 376 தாளைக் கண்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த இடத்திலேயே ஒரு வழி சொல்வார்கள்.

பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் கதை வேறு. அப்போது ரியூசன் ஒரு தெரிவாக இல்லாமல் கட்டாயமாகிவிடுகிறது. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. எந்தத் தரத்தில் எந்தப் பாடம் எத்தனை கிழமையாக நடக்கவில்லை என்று எழுதி, வகுப்புப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதை அவர்கள் மறந்துவிடலாம், திகதி போட்ட கடிதத்துக்குக் கோப்பு இருக்கும்.

எந்த வழியானாலும் ஆறு கிழமை கழிந்ததும் பழைய தாளை எடுத்து, அதே மாதிரி ஐந்து கணக்கை எண் மாற்றிக் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடை சரியா பிழையா என்று மாத்திரம் பார்க்க வேண்டாம். அன்று 376 எழுதிய பிள்ளை இன்று 334 மாதிரியான பிழை விட்டிருந்தால் வகுப்பு வேலை செய்கிறது, இன்னும் ஒரு மாதம் விடலாம். இன்றும் 376 மாதிரியே வந்தால் அடுத்த மாதக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளோடு போய் சேரிடம் பேசுங்கள்.